எது முதலில் கெடும்? ஒரு நெரிசலான இலையுதிர்காலத்தின் நிலுவைகள்

செப்டம்பரில் பிடித்த ஓட்டம் நவம்பர் முடிகிற நேரத்தில்தான் நின்றது. அலுவலகத்தில் பழைய கணக்கு மென்பொருளை விட்டுப் புதியதற்கு மாறினோம். கிளை கிளையாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. நடுவில் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை, பெரியப்பா மகளின் திருமணம், மகனுக்குத் தேர்வு. ஒன்று முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்து நின்றது. எதையும் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியாது. சொல்ல விருப்பமும் இல்லை. ஆனால் எல்லாம் முடிந்து வீட்டில் உட்கார்ந்தபோது நிலுவை தலைக்கு மேல் போயிருந்தது. திறக்காத மின்னஞ்சல்கள், கணக்குக் காட்டாத பயணச் செலவுகள், பதில் எழுதாத கடிதங்கள், “வந்ததும் பேசலாம்” என்று தள்ளிவைத்த பேச்சுகள், பிரிக்காத ஒரு பெட்டி.

இந்தப் பருவத்தில் மட்டும் ஏன் இப்படி நெருக்குகிறது என்று யோசித்துப் பார்த்தால் பெரிய மர்மம் எதுவும் இல்லை. கோடை விடுமுறைக்குப் போனவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்புகிறார்கள். ஆண்டு முடிவதற்குள் முடித்தாக வேண்டியவையும் அப்போதுதான் எல்லார் நினைவுக்கும் வருகின்றன. ஆளுக்கொரு “டிசம்பருக்கு முன்னால் முடித்துவிடலாம்” சேர்ந்து சில வாரங்களுக்குள் வந்து விழுகிறது. போதாக்குறைக்குப் பகலும் சுருங்குகிறது. 50 டிகிரி வட அட்சரேகையில் செப்டம்பர் கடைசியில் நாளுக்கு ஏறத்தாழ 4 நிமிட வெளிச்சம் குறைகிறது. பன்னிரண்டு மணி நேரமாக இருந்த பகல், நவம்பர் முடியும்போது எட்டரை மணி நேரத்துக்கு வந்துவிடுகிறது. மாலையில் வேலை ஓடவில்லை என்று என்னை நானே கடிந்துகொள்வதை நிறுத்திவிட்டேன். மூளைக்கு வேலை வைக்கும் காரியங்களைக் காலையில் செய்தேன். மாலைக்கு அடுக்குவது, கிழிப்பது, துடைப்பது.

நிலுவையைத் தீர்க்க ஊரில் வழங்கும் யோசனைகள் இரண்டுதான். பழையதிலிருந்து தொடங்கு என்பார்கள். இல்லாவிட்டால் அவசரமானதிலிருந்து தொடங்கு என்பார்கள். இரண்டிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. பழையது பெரும்பாலும் ஏற்கெனவே செத்துப்போயிருக்கும். அவசரம் என்று தலைப்பில் போட்டு வருவது பெரும்பாலும் அனுப்பியவரின் அவசரம். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன்: இன்னும் ஒரு வாரம் இதைத் தொடாவிட்டால் என்ன ஆகும்? சில கெட்டுப்போகும். சில அப்படியே இருக்கும். சில தாமாகவே தீர்ந்துவிடும். கடைசி இரண்டு வகையும் சேர்ந்து தாளில் பாதிக்கு மேல் வந்துவிட்டதைப் பார்த்தபோதே பாதி பாரம் இறங்கிவிட்டது.

மிக வேகமாகக் கெடுவது நினைவு. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறுபடி கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். 20 நிமிடம் கழித்து 58 சதவீதம் மிச்சமானது. ஒரு நாள் கழித்து 34. ஒரு மாதம் கழித்து 21. சரிவின் பெரும்பகுதி தொடக்கத்தில்தான். கிளை அலுவலகத்தில் நடந்த உரையாடல் பொருளில்லாத அசை அல்ல, அவ்வளவு வேகமாக மறக்காது. ஆனாலும் சரிவின் போக்கு அதேதான். ஆகவே மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன்பே, பயணங்களில் யாரைப் பார்த்தேன், என்ன கேட்டார்கள், என்ன செய்து தருவதாகச் சொன்னேன் என்பதை எழுதி முடித்தேன்.

வெறும் தாளை வைத்துக்கொண்டு யோசித்தால் ஒன்றும் வராது. தூண்டில் வேண்டும். நாள்காட்டி, வங்கி அட்டையின் செலவுப் பட்டியல், கைபேசியிலுள்ள படங்கள் ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள் வரிசையில் நகர்ந்தேன். மூன்றில் எனக்கு அதிகம் உதவியது செலவுப் பட்டியல். டாக்ஸிக் கட்டணம் ஒன்றைப் பார்த்ததும், அந்த டாக்ஸியில் கூட வந்த மேலாளர் வழியில் சொன்ன குறை நினைவுக்கு வந்தது. கூட்டத்தில் அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. இன்னொரு கிளையில் வெள்ளைப்பலகையைப் படம் எடுத்திருந்தேன். நடுவில் நான் வரைந்த அம்புக்குறிகள்; அவற்றால் ஒரு பயனும் இல்லை. வலது மூலையில் வேறு கையெழுத்தில் “பழைய பேரேடு – யார்?” என்று எழுதி, கேள்விக்குறியை இரண்டு முறை அழுத்தி வரைந்திருந்தார்கள். பழைய பேரேட்டை யார் முடித்துக் கையெழுத்துப் போடுவது என்று அங்கிருந்த காசாளர் கேட்டிருந்தார். விசாரித்துச் சொல்வதாக நான் ஒப்புக்கொண்டிருந்தேன். கூட்டக் குறிப்பில் அது ஏறவே இல்லை. வந்தவர்கள் சொன்னது குறிப்பில் இருக்கும். போகிற போக்கில் ஒப்புக்கொண்டவை எதிலும் இருக்காது. அவற்றை வரவழைப்பதற்குத்தான் இந்தப் பாடு.

அடுத்து ரசீதுகள். நினைவு மங்குவது பேச்சு வழக்கு, இது நிஜமாகவே கண்ணெதிரே மங்குவது. டாக்ஸியிலும் விடுதியிலும் கொடுக்கும் வழவழப்பான சீட்டில் மையே கிடையாது. தாளின் மேல் பூச்சில் நிறமற்ற சாயமும் அதைக் கருக்கச் செய்யும் வேதிப்பொருளும் இருக்கின்றன. அச்சு இயந்திரம் சூடு வைத்த இடத்தில் இரண்டும் கலந்து எழுத்து தெரிகிறது. வெப்பத்தில் பிறந்த எழுத்து வெப்பத்திலும் வெளிச்சத்திலும் போய்விடும். பலர் அக்கறையாகச் செய்யும் ஒரு காரியம்தான் இதில் வினை: பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பது. பிவிசி உறையை நெகிழ வைக்கச் சேர்க்கும் பொருள் சீட்டுக்குள் ஏறி எழுத்தை அழித்துவிடும். கைக்குப் பூசும் களிம்பும் அப்படியே. இரண்டு சீட்டுகள் என் கைப்பையின் உள்ளறையில் களிம்புக் குப்பியோடு கிடந்தன. ஒன்றில் விடுதியின் பெயர் இருந்தது, தொகை இல்லை. இன்னொன்றைச் சன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் பூச்சு பளபளக்கும் விதத்தில் இலக்கங்களின் தடம் தெரிந்தது. அந்தக் கோணத்திலேயே படம் எடுத்து, கைபேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றி, மாறுபாட்டைக் கூட்டியதும் தொகையைப் படிக்க முடிந்தது. மற்றதற்கு விடுதிக்கு எழுதி நகல் கேட்டேன், மறுநாளே அனுப்பிவிட்டார்கள். விடுதிகள் நகல் தரும். டாக்ஸி தராது. ஆகவே டாக்ஸிச் சீட்டை வண்டியை விட்டு இறங்கும்போதே படம் எடுத்துவிடுவது நல்லது.

இந்த வேலைகளை எல்லாம் திரும்பி வந்த முதல் இரண்டு நாளுக்கு ஒதுக்கியதற்கு இன்னொரு காரணம், அப்போது தலை வேறு எதற்கும் லாயக்கில்லை. கடைசிப் பயணம் கிழக்கு நோக்கி, பல நேர மண்டலங்களைத் தாண்டி. மேற்கே போவதைவிடக் கிழக்கே போவது உடம்புக்குக் கடினம். நம் உள்கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று அதிகம், சராசரியாக 24.2 மணி நேரம். நாளை நீட்டிக்கொள்வது அதற்குச் சுலபம், சுருக்கிக்கொள்ள அடம்பிடிக்கும். கிழக்கே போனால் சுருக்கத்தான் வேண்டும், அதுவும் ஏறத்தாழ நாளுக்கு ஒரு மணி நேர வேகத்தில்தான் நடக்கும்.

“போய் இறங்கியதும் காலை வெயிலில் நில், சரியாகிவிடும்” என்று எல்லாரும் சொல்வார்கள். பாதி தூரத்துக்குத்தான் அது உண்மை. உடல் வெப்பம் இரவில் மிகக் குறைவாக இருக்கும் ஒரு நேரம் உண்டு. வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால். அந்தப் புள்ளிக்குப் பிந்தைய வெளிச்சம் கடிகாரத்தை முன்னே தள்ளும். முந்தைய வெளிச்சம் பின்னே இழுக்கும். அந்தப் புள்ளி புறப்பட்ட ஊர் நேரப்படி அதிகாலை 4 மணி என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரம் கிழக்கே வந்தால், இங்கே அது நண்பகல் 12 மணி. அப்படியானால் முதல் நாள் காலை 8 மணி வெயில் நம்மைத் தவறான திசையில் இழுத்துக்கொண்டு போகும். நண்பகலுக்குப் பிறகு வெளியே போவதுதான் முதல் நாளுக்குச் சரி. அடுத்தடுத்த நாட்களில் அதை ஒவ்வொரு மணி நேரமாக முன்னே நகர்த்தலாம். இந்த முறை காலையில் திரையை இழுத்துவிட்டு ரசீது அடுக்கினேன், மதியத்துக்குப் பிறகு நடக்கப் போனேன். தூக்கம் முன்பு வந்த பயணங்களைவிடச் சீக்கிரம் ஒழுங்குக்கு வந்தது.

இனி மின்னஞ்சல். இதைத் தீர்ப்பதில் அறிவைவிடத் துணிவுதான் அதிகம் தேவைப்படுகிறது. முதல் காரியம், பொருள் வரியை வைத்து வரிசைப்படுத்திவிட்டு, ஒவ்வொரு தொடரிலும் கடைசி மடலை மட்டும் படித்தேன். “நன்றி, முடிந்துவிட்டது” என்று முடிந்திருந்த தொடர்களை மேலே ஏறிப் பார்க்கவே இல்லை. என்ன சண்டை நடந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசை இருக்கத்தான் செய்தது. அடுத்ததாக, நான் நகல் பெறுபவராக மட்டும் இருந்தவற்றைத் தனியே ஒதுக்கி அப்படியே கோப்பில் போட்டேன். யாருக்காவது உண்மையிலேயே நான் தேவைப்பட்டால் மறுபடி எழுதுவார்கள். எழுதினார்கள், நான் பயந்ததைவிட மிகச் சிலர்தான். அதற்கும் மேலாக, என் அடுத்த இருக்கைத் தோழியிடமும் பிரிவுத் தலைவரிடமும் நேரில் போய், “நான் இல்லாதபோது என்னென்ன மாறியது?” என்று கேட்டேன். கால் மணி நேரப் பேச்சு. நாள் முழுக்க மின்னஞ்சல் படித்தாலும் தெரிய வராத ஒரு விஷயம் அதில் தெரிந்தது: நான் மும்முரமாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஓர் அறிக்கையை மேலிடம் கைவிட்டு வாரங்கள் ஆகியிருந்தன.

மடல்களைத் துணிந்து ஒதுக்கியதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. வரிசைகளைப் பற்றி ஆராய்ந்த ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய ஒரு தொடர்பு: நீண்ட காலச் சராசரியில், காத்திருப்போர் எண்ணிக்கை என்பது வரும் வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. ஒருவருக்கு நாளுக்கு 40 மடல் வருகிறது, அவர் நாளுக்கு 40 முடிக்கிறார், நிலுவை 800 என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசைப்படி எடுத்தால் ஒவ்வொரு மடலும் 20 நாள் காத்திருக்கும். நாள் முழுக்க உழைத்தும் அந்த 800 குறையாது, காத்திருப்பும் குறையாது. இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்தால் சரியாகிவிடும் என்பது வெறும் ஆறுதல். வருவதைக் குறைக்க வேண்டும், அல்லது கிடப்பதில் ஒரு பங்கைத் தூக்கி எறிய வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இதே துறையின் இன்னொரு முடிவு என் நாள்காட்டியையே மாற்றிவிட்டது. வருகையும் கவனிக்கும் நேரமும் சீரில்லாமல் இருக்கும் எளிய ஒற்றை வரிசையில், பணியாளர் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால் சராசரியாக 4 வேலைகள் அவரிடம் நிற்கும். 90 சதவீதம் நிரம்பினால் 9. 95 சதவீதம் என்றால் 19. பத்து சதவீதம் கூடுதலாக உழைத்தால் நிலுவை பத்து சதவீதம் கூடும் என்றுதான் மனம் கணக்குப் போடுகிறது. உண்மையில் விளிம்புக்குப் போகப் போக அது பாய்ந்து ஏறுகிறது. இடைவெளி விடாமல் நிரப்பிய நாள்காட்டி ஒரு காய்ச்சலுக்கோ ஒரு தாமதமான விமானத்துக்கோ ஏன் அப்படிச் சரிந்து விழுகிறது என்பது அப்போதுதான் விளங்கியது. தானியங்கிப் பதிலில் நான் திரும்பும் தேதியை இப்போதெல்லாம் உண்மையான தேதிக்கு இரண்டு நாள் தள்ளிப் போடுகிறேன். பொய்தான். நல்ல பொய்.

இலையுதிர்காலத்துக்கென்றே இருக்கும் ஒரு சிறு தொல்லையையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான ஐரோப்பிய நாடுகள் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைக்கின்றன. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் நவம்பர் முதல் ஞாயிறன்று. இடைப்பட்ட ஒரு வாரம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வித்தியாசம் 5 மணி நேரம் அல்ல, 4. கடிகாரத்தையே மாற்றாத நாடுகள் மறுபக்கம். வாரா வாரம் நடக்கும் தொலைபேசிக் கூட்டங்கள் அந்த வாரத்தில் சந்தி சிரிக்கும். எந்த ஊர் நேரப்படி கூட்டம் என்பதை அழைப்பிலேயே எழுதிவிட்டால் இந்தக் கூத்து இல்லை. குடும்பத்தோடு பேசும் நேரத்துக்கும் இதுவே பொருந்தும். அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். அவருடைய நேரத்தை நிலையாக வைத்துவிட்டு மற்றவர்கள் எங்கள் நேரத்தை நகர்த்திக்கொள்வது என்று அக்காவும் நானும் முடிவு செய்திருக்கிறோம்.

குடும்ப நிலுவைதான் எல்லாவற்றிலும் கடினம். அதில் பட்டியல் எடுபடாது. அம்மாவின் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கூட இருந்தவள் அக்கா. கண்புரை அறுவை சிகிச்சையே சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் போடும் சொட்டு மருந்துதான் வேலை. ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பது வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வரும், ஒரு மருந்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் சில நிமிடம் இடைவெளி விட வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது குளிர்பெட்டிக் கதவில் அக்கா ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். பெரிய எழுத்தில் நேரங்கள், மருந்துக் குப்பி மூடியின் நிறத்திலேயே கட்டங்கள், போட்டு முடித்ததும் அம்மாவே குறியிட ஒரு பென்சில் நூலில் கட்டித் தொங்கியது. ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு குறியிட்டதால் குறிகள் கட்டத்துக்கு வெளியே ஓடியிருந்தன. எனக்கு உடனே அதைக் கைபேசியில் நினைவூட்டலாகப் போட்டுவிடலாம் என்று கை பரபரத்தது.

“நீ வந்ததும் எதையும் மாற்றாதே. இரண்டு நாள் பார். பிறகு சொல்,” என்றாள் அக்கா.

அம்மா சிரித்துக்கொண்டே, “விடடி, அவள் வந்ததே பெரிது,” என்றார். அந்த வாக்கியத்தில் எனக்குச் சார்பாக எதுவும் இல்லை என்பது மூவருக்கும் தெரியும்.

அக்கா சொன்னதை என் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு வந்தேன். நாம் இல்லாதபோது வீடு நின்றுவிடுவதில்லை. வேறு ஒரு முறைக்குப் பழகிக்கொள்கிறது. துணி துவைக்கும் நாள் மாறியிருந்தது. சாவி தொங்கும் இடம் மாறியிருந்தது. மகளுக்கு இரவில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது கணவர் வேலையாகி, அவர்கள் இருவருக்கும் நடுவில் எனக்குப் புரியாத ஒரு கேலிப் பேச்சு முளைத்திருந்தது. திரும்பி வந்தவருக்கு விட்ட இடத்திலிருந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றும், குற்ற உணர்ச்சியினால். வீட்டில் இருந்தவர்களுக்கோ அது தாங்கள் பட்ட பாட்டின் மேல் கோடு போடுவதாகத் தெரியும். கொஞ்ச நாள் விருந்தாளி போல இருந்து, “இதை இப்போது எப்படிச் செய்கிறீர்கள்?” என்று கேட்டுக் கற்றுக்கொள்வதில் அவமானம் ஒன்றும் இல்லை. கணக்குப் பாடம் இன்னமும் அவரிடமே இருக்கிறது. சாவியை மட்டும் பழைய இடத்துக்கு மாற்றிவிட்டேன், எட்டவில்லை.

பிள்ளைகளிடம் “எல்லாம் எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நன்றாக இருந்தது” என்ற பதில்தான் வரும். பெரியவர்களிடமும் அப்படித்தான். குறிப்பாகக் கேட்டால் பேச்சு வரும். மகனின் மேசை மேல் கிடந்த முறிந்த அளவுகோலைக் காட்டி இது எப்படி முறிந்தது என்று கேட்டேன். தேர்வு, நண்பன், சண்டை, சமாதானம் எல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிட்டன.

கடிதங்களில் ஒன்று துக்கம் விசாரிக்க வேண்டியது. பழைய சக ஊழியர் ஒருவரின் தந்தை அக்டோபரில் இறந்துபோனார். நான் பயணத்தில் இருந்தேன். ஒரு வரி செய்தி அனுப்பியதோடு சரி. காலம் கடந்துவிட்டதே என்று பலர் இப்படிப்பட்ட கடிதத்தை எழுதாமலேயே விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் இது மெல்லக் கெடும் வகை. முதல் வாரத்தில் வீடு நிறைய ஆட்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. தாமதமான கடிதத்துக்கு அப்போதுதான் இடம் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனித்தால் போதும். தாமதத்துக்கு மன்னிப்பு ஒரு வரிக்கு மேல் போகக் கூடாது. போனால் துக்கத்தில் இருப்பவர் நமக்கு ஆறுதல் சொல்லும்படி ஆகிவிடும். மீதி இடத்தில் இறந்தவரைப் பற்றி நமக்கு மட்டும் தெரிந்த ஒரு சம்பவத்தை எழுதலாம். அலுவலக விழாவுக்கு வந்த அந்தப் பெரியவர் மின்தூக்கியில் ஏற மறுத்து மாடி மாடியாகப் படியில் ஏறி வந்து, ஒவ்வொரு தளத்திலும் நின்று அங்கிருந்த செடிகளைப் பற்றி விசாரித்தார். அதை எழுதினேன். அந்தக் கதை தமக்குத் தெரியாது என்று பதில் வந்தது.

எப்போது முடியும் என்ற கேள்விக்கு வருகிறேன். நிலுவையை எழுதிய அன்றே ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்றும் எழுதுவது என் வழக்கம். அதை நம்பாமல் இருப்பதும் வழக்கம். ரோஜர் பூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதும் மாணவர்கள் சராசரியாக 33.9 நாளில் முடிப்போம் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு 48.6 நாள் என்றார்கள். முடிக்க ஆனது 55.5 நாள். நாம் கற்பனை செய்யும் மோசமான நிலைகூட நிஜத்துக்கு ஈடாவதில்லை. இதற்கு நான் கண்ட ஒரே மருந்து, இந்த வேலை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யோசிக்காமல், போன தடவை இதே வேலை எவ்வளவு நேரம் எடுத்தது என்று தேடிப் பார்ப்பது. பயணச் செலவுக் கணக்கு எனக்கு எப்போதும் ஒரு மாலை முழுவதையும் தின்றுவிடும். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

நேரமில்லாதவற்றை என்ன செய்வது? தாளில் கிடந்தாலும் மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்குமே என்று கேட்கலாம். ஈ. ஜே. மாசிகாம்போவும் ராய் பௌமைஸ்டரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல செய்தி சொல்கிறது. முடிக்காமல் கிடக்கும் காரியம் வேறு வேலைக்கு நடுவில் வந்து தொல்லை செய்வதை நிறுத்த, அதை முடிக்க வேண்டும் என்பதில்லை. எப்போது, எங்கே, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அந்தத் தொல்லை குறைந்துவிட்டது. ஆகவே “பெட்டியைச் சரிசெய்ய வேண்டும்” என்ற வரியை அடித்துவிட்டு, “சனிக்கிழமை காலை, சக்கரம் கழன்ற பெட்டியைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும்” என்று எழுதினேன். நாளும் இடமும் எழுத வராத வரிகள் சில இருந்தன. அவை நான் செய்யப் போவதில்லை என்று அர்த்தம். அவற்றை அடித்துவிட்டு, அடித்த செய்தியைச் சம்பந்தப்பட்டவர்களுக்கும் சொல்லிவிட்டேன். இதைச் சொல்வதுதான் மிக முக்கியம், மிகக் கசப்பும்கூட. ஒரு பயிற்சிக் கையேடு எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். ஜனவரிக்கு முன் முடியாது, வேறு யாரையாவது கேளுங்கள் என்று எழுதினேன். பதில் ஒரே வரி: “முன்பே சொன்னதற்கு நன்றி, ஆள் இருக்கிறார்.” நான் இல்லாவிட்டால் நடக்காது என்று நினைத்திருந்த கையேடு.

சில காரியங்களைப் பயணம் முடிந்த கையோடு செய்துவிட்டால் சுலபம். கடவுச்சீட்டு கையில் இருக்கும்போதே அதன் காலாவதித் தேதியைப் பார்த்துவிடுங்கள். பல நாடுகள் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி மிச்சம் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. மலேரியா உள்ள பகுதிக்குப் போய் வந்தவர்கள், வாரங்களோ மாதங்களோ கழித்துக் காய்ச்சல் வந்தாலும் அந்தப் பயணத்தை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

படங்கள் கெடாதவை என்று கடைசிக்குத் தள்ளினேன். அடுக்குவதற்குத்தான் அவசரம் இல்லை. நகல் எடுப்பதற்கு உண்டு. மூன்று பிரதி, இரண்டு வேறு வகைச் சேமிப்பு, ஒன்றாவது வீட்டுக்கு வெளியே என்பது பரவலாகச் சொல்லப்படும் விதி. அதை முதல் வாரத்திலேயே செய்துவிட்டேன். கைபேசி போகிற இடத்து நேரத்துக்குத் தானாக மாறிக்கொள்ளும், கேமரா மாறாது. இரண்டையும் ஒரே கோப்பில் கொட்டினால், மண்டபத்திலிருந்து எல்லாரும் வெளியே வந்த பிறகு மணப்பெண் உள்ளே நுழைவாள். கேமராவை உலகப் பொது நேரத்திலேயே நிரந்தரமாக வைத்துவிட்டு, பிறகு மென்பொருளில் எல்லாப் படங்களுக்கும் ஒரே அடியாக நேரத்தை நகர்த்துகிறேன். இரண்டு கருவிகளாலும் ஒரே கடிகாரத்தை ஒரு படம் எடுத்து வைத்தால், எவ்வளவு நகர்த்துவது என்று கணக்குப் போடவும் வேண்டாம்.

அடுத்த ஆண்டின் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களை இப்போதே திறந்து, தெரிந்த பயணங்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இரண்டு நாளைக் காலியாக அடைத்து வைத்திருக்கிறேன். “விடுமுறையா?” என்று பிரிவுத் தலைவர் கேட்டார். இல்லை, ரசீது அடுக்கும் நாள் என்றேன். அம்மாவின் இன்னொரு கண்ணுக்கும் அறுவை சிகிச்சை பாக்கி இருக்கிறது. அந்தக் காலி நாட்களில் சிலவற்றை அக்கா ஏற்கெனவே தன் பெயரில் எழுதிக்கொண்டுவிட்டாள். குளிர்பெட்டிக் கதவுத் தாளை இந்த முறை நான்தான் வரைய வேண்டுமாம்.